படம் சொன்ன நிறம்

கலைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டே இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அதே குவியலில் கைவைத்திருந்த அமுதவல்லிக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வாசலில் எதிரெதிராக இரண்டு வீடு. காலையில் குழாயடியில் தொடங்கினால் விளக்கு வைக்கிற வரை வாய் ஓயாதவள். தலைவலியோ, பூவரசனோடு சண்டையோ என்று நினைத்துக்கொண்டாள். உரித்த ஓடுகளைச் சட்டியில் தள்ளிவிட்டு, "இன்னாடி, வாய்ல கொழுக்கட்டயா?" என்று கேட்டபோதுதான் கலைவாணி வெடித்தாள்.

"எம் மீன் கொழம்புல புளியத் தவிர ஒண்ணும் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியாமே?"

"நானா? யாராண்ட சொன்னேன்?"

"என்னாண்டயே சொன்ன. நேத்து. 'உன் ஓரகத்தி கொழம்பு எப்டி வெப்பா'ன்னு சும்மா வாயக் கிளறிப் பாத்தேன். நீ கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டு சொன்ன. சுத்திலும் மெட்ராஸ்காரங்க நின்னுக்கினு கீறாங்க. எனக்கு மானமே போச்சு."

"நேத்து நான் மீஞ்சூர் மார்க்கெட்ல குந்தியிருந்தேன்டி."

"நீ இல்ல," என்றாள் கலைவாணி. "உம் படம்."

அமுதவல்லிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்து, இறால் கையால் துடைக்கவும் முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். கலைவாணியும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். ஆனால் இறாலை ஐஸ் பெட்டியில் போட்டு மூடிவிட்டுத் தனியாகக் கை கழுவும்போது அமுதவல்லிக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது. புளியத் தவிர ஒண்ணும் இல்ல. படம் பொய் சொல்லவில்லை. அவள்தான் அதைச் சொல்லியிருந்தாள், சித்திரை வெயிலில் கரையில் உட்கார்ந்து, ஹேமாவதியிடம். கையில் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர் காலியான பிறகும் சொம்பைக் கவிழ்த்தபடியே நின்றாள். வேறு என்னென்ன சொல்லியிருந்தோம் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஹேமாவதி திருப்பாலைவனத்துப் பெண். நெல் விவசாயக் குடும்பம். சென்னையில் ஓவியம் படித்து, அங்கேயே தங்கிவிட்டவள். இந்த வருஷம் சித்திரையில் அமுதவல்லியின் ஊரான கோட்டைக்குப்பத்துக்கு வந்து, ஏரிக்கரை ஊர்களில் இருக்கிறவர்களை ஆள் உயரத்துக்கு வரையப்போவதாகச் சொன்னாள். பணம் கொடுக்க ஒரு கலை அமைப்பு இருந்தது. பழவேற்காடு கடைத்தெருவில் பூட்டிக்கிடந்த பழைய ஐஸ் பாக்டரியை வெள்ளையடித்து அதில் மாட்டப்போகிறார்களாம். "ஜனங்க ஒரு படத்த எவ்ளோ நேரம் பாப்பாங்கன்னு நெனைக்கிறீங்க அக்கா? செருப்பு மாட்டுற நேரம்கூட இல்ல. பாத்தா மாதிரி பாத்துட்டுப் போயிடுவாங்க. அவங்கள நிக்க வெக்கணும்," என்றாள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மீஞ்சூரில் கவியரசன் என்று கம்ப்யூட்டர் படித்த பையன். அவன் வரையப்பட்ட ஆளுடைய குரலையும் பேச்சையும் ஒரு மிஷினுக்குக் கற்றுக்கொடுப்பான். படத்துக்கு முன்னால் நின்று யார் எதைக் கேட்டாலும் அந்த ஆளே பதில் சொல்வதுபோலப் படம் பதில் சொல்லும்.

அதற்காகத்தான் பேசச் சொன்னாள். தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை மீன் கூடையின் விளிம்பில் செருகிவிட்டு, "எது வேணும்னாலும் பேசுங்க," என்றாள். முதல் நாள் அமுதவல்லிக்கு நாக்கு எழவில்லை. பிறகு கருவியை மறந்துபோனாள். கல்யாணமாகி வந்ததைச் சொன்னாள். புருஷன் கேசவன் காசிமேட்டு லாஞ்சில் போனால் எப்போது திரும்புவான் என்று தெரியாததைச் சொன்னாள். பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறினால் மூக்கைப் பொத்துகிறவர்களைப் பற்றிச் சொல்லி, அவர்களைப்போலவே பொத்தியும் காட்டினாள். ஹேமாவதி ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்பாள். நாற்பது வயது தாண்டிய இத்தனை நாளில் யாரும் அமுதவல்லியிடம் அப்புறம் என்று கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு உள்ளே கிடந்ததெல்லாம் எழுந்து வந்தது.

அப்படித்தான் ஒரு நாள் அதுவும் வந்துவிட்டது.

தை மாசத்தில் அஜித்குமார் செத்துப்போனான். சின்ன வயது. நண்டு வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விடியுமுன் இருட்டிலேயே தனியாகப் போட்டில் போனவன் திரும்பவில்லை. மறுநாள் போட்டு ஒரு பக்கமும் அவன் உடல் ஒரு பக்கமுமாக முகத்துவாரத்துக்குக் கிட்ட ஒதுங்கிக் கிடந்தன. பின்மண்டையில் ஒரு வெட்டு. தவறி விழுந்து மோட்டார் விசிறி அடித்திருக்கும் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். ஊரும் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாதவன் அவனுடைய அண்ணன் தமிழ்வாணன் ஒருத்தன்தான். அவனும் சத்தம் போடவில்லை. வலைக்குப் போவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான்.

அமுதவல்லி ஹேமாவதியிடம் சொன்னது இது: "அஜித்து காணாமப் போன அன்னிக்கு விடியக்காலைல ஒருத்தன் போட்டுல சோப்புத்தூள் போட்டுத் தேச்சிக்கினு இருந்தான்மா. அன்னிக்கு வாடக் காத்து. அஜித்த தவிர யாரும் ஏரில எறங்கல. மீன் படாத போட்ட எவனாச்சும் கழுவுவானா?"

"அப்புறம்?" என்றாள் ஹேமாவதி. அப்போதுதான் அமுதவல்லிக்குச் சுரணை வந்தது. கூடையிலிருந்த கருவியைப் பார்த்தாள். "அத்த மட்டும் எடுத்துடும்மா. தெரியாம சொல்ட்டேன்," என்றாள். ஹேமாவதி அவள் முகத்தைப் பார்த்து, மேலே ஒன்றும் கேட்காமல், எடுத்துவிடுகிறேன் என்று சத்தியம்போலச் சொன்னாள். பெயரை அமுதவல்லி சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர்க் குடத்தோடு கரைப்பக்கம் வந்தவளைப் பார்த்து, தேய்ப்பதை நிறுத்தாமல், "நாறுது அண்ணி," என்று சிரித்தவன் பூவரசன். குழந்தையாக இருந்தபோது அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த கொழுந்தன். அவள் மகளுக்கு டெங்கு வந்தபோது நடுரோட்டில் லாரியை மறித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். அன்றைக்கு ஏன் கழுவினான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் பேச்சை எடுக்கவில்லை. கேட்காத வரைக்கும் அது வெறும் போட்டுக் கழுவுதல்தான் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

இறால் உரித்ததற்கு மறுநாள் மார்க்கெட் முடிந்து பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் ஐஸ் பாக்டரிக்குப் போனாள். திறப்பு விழாவுக்குப் பிறகு அவள் அங்கே போனதில்லை. அன்றைக்கு அவள் கழுத்தில் மாலை போட்டு, படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். கூச்சத்தில் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இப்போது வாசலைத் தாண்டும்போதே உள்ளேயிருந்து அவளுடைய சிரிப்பு கேட்டது. தன் சிரிப்பை வெளியே இருந்து கேட்பது, தன் வீட்டுக்குள் இன்னொருத்தி இருப்பதைப் பார்ப்பதுபோல.

பெரிய கூடம். பழைய அமோனியா வாடை இன்னும் சுவரில் இருந்தது. படங்கள் தள்ளித் தள்ளி மாட்டியிருந்தன. மற்றவற்றின் முன்னால் ஒன்றிரண்டு பேர். அவளுடையதற்கு முன்னால் ஒரு கூட்டம். அது பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் அமுதவல்லி. மடியில் கூடை. பின்னால் ஏரி, கரையில் ஏற்றிவைத்த ஒரு பச்சைப் போட்டு. முழங்கால்மேல் ஒரு துண்டு வெயில். உதடு அசையவில்லை. ஆனாலும் அவள் பேசினாள். சென்னைப் பெண் ஒருத்தியிடம், "நீ இன்னாம்மா இவ்ளோ எளச்சிட்ட? போன தடவ வந்தப்ப கன்னம் இருந்திச்சே," என்றது படம். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னை ஞாபகம் வெச்சிருக்கு," என்று தோழியிடம் கிசுகிசுத்தாள். நின்றவர்களை அது விடவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் திருப்பி ஒன்று கேட்டது. நகரப் பார்த்தால், பாதியில் போகிறாயே என்றது. ஹேமாவதி சொன்னதுபோலவே ஜனங்கள் நின்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் சுவரோரத்திலிருந்து ஓர் ஆள் எழுந்து படத்துக்கு முன்னால் வந்து நின்றான். தமிழ்வாணன். அமுதவல்லி சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"வாப்பா," என்றது படம். குரல் தணிந்திருந்தது. "சாப்ட்டியா?"

"இல்லக்கா."

"அம்மா சோறு ஆக்கலியா?"

"அது எழுந்தே குந்த மாட்டேங்குது. செவுத்தப் பாத்துக்கினே கீது."

"வவுத்த காயப்போடாதப்பா. உங்கம்மாவுக்கு இனிமே நீ ஒருத்தன்தான."

தூணுக்குப் பின்னால் நின்றவளுக்கு உடம்பு கூசியது. தை மாசத்திலிருந்து தமிழ்வாணன் எதிரே வந்தால் அவள் தெருவை மாற்றிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில்கூட வாசலோடு நின்று அழுதுவிட்டு வந்தவள். அவனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம், சொல்ல வேண்டிய குரலில், அவளுக்குப் பதிலாக அந்தப் படத்துணி சொல்லிக்கொண்டிருந்தது. அவன் சின்னப் பிள்ளைபோல அதன் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, அந்த ஆளப் பத்தி சொல்லு," என்றான். "போட்டு கழுவினான்னு சொன்னியே, அவனப் பத்தி."

படம் பேசுவதற்கு முன்னால் 'ம்ச்' என்று ஒரு சத்தம் போட்டது. அவளே போடுகிற சத்தம்.

"வேணாம்ப்பா. நான் வாயக் குடுத்து மாட்டிக்கக் கூடாது."

"பேரு வேணாங்க்கா. வேற எதுனா சொல்லு."

"நாளைக்கு வா. பேசலாம்," என்றது படம்.

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். அமுதவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் நாளைக்கு வா என்று யாரிடமும் சொன்னதில்லை. அது அவள் பேச்சில்லை. நின்றவரைத் திரும்ப வரவைக்க யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்த பேச்சு. ஆனால் அவள் குரலில் வந்தபோது அது அவள் சொன்னதாகவே இருந்தது.

ஹேமாவதி கடைத்தெருவில் வாடகை அறையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் அழிச்சேன் அக்கா. என் கையால அழிச்சேன்," என்றாள். போனில் கவியரசனைப் பிடித்துப் பேசினாள். பேசப்பேசக் குரல் இறங்கியது. பதிவை அழித்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின வாரமே மிஷின் அதைப் படித்துவிட்டிருந்தது. "படிச்சத மறக்க வெக்கிறது கஷ்டமாம். ஆனா பேச விடாமப் பண்ணலாம்னு சொல்றான். அந்தப் பேச்சு வந்தா வேற பேச்சுக்குப் போற மாதிரி."

"பேசாம மிஷின அமத்திடும்மா."

"சனிக்கிழம அந்த அமைப்புக்காரங்க வராங்க அக்கா. உங்க படத்தப் பாக்கத்தான் வராங்க. அது வரைக்கும். கவி இன்னிக்கே சரி பண்ணிடுவான். என்னை நம்புங்க."

அவள் கெட்டவள் இல்லை. அமுதவல்லிக்கு அது தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிற பெண்ணிடம் அவளால் மறுக்க முடியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மத்தியானம் பூவரசன் சாப்பிட வந்தான். கலைவாணி அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் அண்ணி வீட்டில் சோறு. மடவைக் கருவாடு வறுத்து வைத்திருந்தாள். அவன் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பிசைந்து, முள்ளெடுத்துச் சாப்பிட்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு முள் குத்தியதே கிடையாது.

"உம் படத்தாண்ட போயிருந்தேன் அண்ணி," என்றான்.

அவள் கரண்டியைக் குழம்புக்குள் விட்டபடி நின்றாள். "எப்போ?"

"நேத்து. தமிழு டெய்லி போறானாம், ஊர்ல சொன்னாங்க. அப்டி இன்னாதான் கீதுன்னு பாக்கலாம்னு போனேன். நல்லா பேசுது. அச்சு அசல் நீதான்." ஒரு வாய் போட்டுக்கொண்டான். "என்ன யாருன்னு கேட்டிச்சு. சொல்லல."

"வேற இன்னா பேசுன?"

"சும்மா. படத்துல உம் பின்னால ஒரு பச்ச போட்டு கீதில்ல, அத்தப் பத்திதான். அந்தப் பொண்ணு நல்லா வரைஞ்சிருக்குது." தட்டை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்ணில் கோபமில்லை, பயமில்லை. எப்போதும்போல அண்ணியைப் பார்க்கிற கண். "நீ ஒண்ணும் பயப்படாத அண்ணி. நான் பாத்துக்கறேன்," என்றான்.

எதைப் பார்த்துக்கொள்வான் என்று அவள் கேட்கவில்லை. அவன் கை கழுவ எழுந்தபோது தண்ணீர் மொண்டு ஊற்றினாள். பாதி அவன் காலில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை மீன் ஏலக்கூடத்துக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கூடை வைக்க இடம் கேட்டால் வழக்கமாகத் திட்டுகிறவர்கள் தாங்களாகவே நகர்ந்து இடம் விட்டார்கள். கரைப்பக்கமிருந்து கட்டை மோதும் சத்தம் வந்தது. பொம்பளை ஒருத்தியின் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தாள். முனியனுடைய போட்டைக் கவிழ்த்துப்போட்டுச் இளவட்டப் பையன்கள் கடப்பாரையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பைபர் பிளந்து நாரும் தூளுமாகப் பறந்தது. பச்சைத் தூள். முனியனின் மனைவி ரங்கம்மாள் ஓட்டைமேல் விழுந்து கிடந்தாள். முனியனை நாலு பேர் பிடித்திருந்தார்கள். அவன் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். ஏரியில் யாருக்கு எந்த நாள் வலைப் பாடு என்று ஊரில் முறை பிரிக்கும்போது அஜித்குமாரோடு கைகலந்தவன் அவன். அது ஊருக்கே தெரியும். அது ஒன்று போதுமானதாக இருந்தது.

கலைவாணிதான் போனை எடுத்துக் காட்டினாள். யாரோ பதிவு செய்து ஊர் குரூப்பில் போட்டிருந்தார்கள். தமிழ்வாணனின் குரல்: "பேரு வேணாங்க்கா. போட்டு இன்னா கலரு, அத்த மட்டும் சொல்லு." ஒரு 'ம்ச்'. பிறகு அமுதவல்லியின் குரல், தெளிவாக, இரக்கத்தோடு: "பச்சப்பா. பச்ச போட்டு."

அவள் பழவேற்காட்டுக்கு ஆட்டோவில் போனாள். ஐஸ் பாக்டரியில் ஹேமாவதியும் கவியரசனும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றிருந்தார்கள். கவியரசன் ஒல்லியாக, தூங்காத கண்களோடு இருந்தான். போட்டுக் கழுவின ஆளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றும்படிதான் செய்திருந்தான். நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. "படத்துல இருக்கறதப் பத்தி யார் கேட்டாலும் விளக்கமா சொல்லணும்னுதான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. போட்டுன்னா அதுக்கு அந்தப் பச்சைப் போட்டுதான். அதுவும் இல்லாம..." என்று நிறுத்தினான்.

"இன்னா?"

"பாக்க வர்றவங்க சொல்றதையும் அது சேத்துக்கும். அப்பதான் பழகின மாதிரிப் பேசும். புதன்கிழம ஒருத்தர் வந்து ரொம்ப நேரம் நின்னிருக்காரு. 'அன்னிக்கு விடியக்காலைல நீ பாத்தது இந்தப் பச்சை போட்டுதானே'ன்னு மாத்தி மாத்திக் கேட்டிருக்காரு. அது கடைசில ஆமான்னு சொல்லியிருக்கு. அதுக்கப்புறம் அதுக்கு அதான் ஞாபகம்."

"யாருன்னு தெரியலை அக்கா," என்றாள் ஹேமாவதி. "கேமரால தொப்பி போட்ட ஆளு."

அமுதவல்லி படத்தைப் பார்த்தாள். "அந்தப் போட்ட ஏன்மா பச்சயா வரைஞ்ச?" என்று கேட்டாள். ஹேமாவதி அழத் தொடங்கினாள். "அந்த எடத்துல ஒரு பச்சை வேணும்னு தோணிச்சு. வேற ஒண்ணும் இல்ல அக்கா. நீலம் போட்டா தண்ணியோட தண்ணியாப் போயிடும்." கவியரசன் குனிந்து ஒரு ஒயரைப் பிடுங்கினான். படத்தின்மேல் இருந்த விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு அது வெறும் படம். ஆனால் அதன் பேச்சு ஊரில் எல்லாருடைய சட்டைப் பையிலும் இருந்தது.

மாலையில் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைவர் கோதண்டம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் மணலில். முனியனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். கட்டவில்லை, ஆனால் சுற்றி ஆள் நின்றது. தமிழ்வாணன் எதிரே தனியாக நின்றான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். சாவுக்குப் பிறகு அவன் குளித்துப் பார்த்தவர்கள் இல்லை. போலீஸுக்குச் சொல்லலாம் என்றார் யாரோ. போலீஸ் என்ன எழுதினார்கள் என்பதுதான் தெரியுமே என்றார்கள் பின்னாலிருந்து.

கோதண்டம் போனை உயர்த்திப் பிடித்தார். பச்சப்பா, பச்ச போட்டு.

"இது ஒன் கொரல்தானேம்மா?"

"கொரலு என்னுது. பேசினது நான் இல்லண்ணா."

"அதெப்டி? கொரலு ஒன்னுது, பேச்சு வேற ஆளுதா?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. "சரி. போட்டு கழுவினத நீ பாத்தியா இல்லியா? அதுவும் மிஷினு சொன்னதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. எல்லாம் மிஷின் கட்டின கதை என்றால் முனியனும் பிழைப்பான், வீடும் பிழைக்கும். அவள் வாயைத் திறந்தாள். தமிழ்வாணன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்துக்கு முன்னால் நின்ற அதே முகம். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்பார்களா என்பதுபோன்ற முகம். திறந்த வாயில் அந்தப் பொய் வரவில்லை. அவள் பேசாமல் நின்ற அந்த நேரமே பதிலாகிவிட்டது. கூட்டம் முழுக்க ஒரு மூச்சு எழுந்து அடங்கியது.

ரங்கம்மாள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். தலை முழுக்கப் பச்சைத் தூள். "யக்கா, பச்ச இல்லன்னு சொல்லுக்கா. ஒன் வாயால சொல்லு. எம் புள்ளைங்கள நெனச்சிக்கினு சொல்லுக்கா."

எதிர்வரிசையில் பூவரசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மணலில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அவனுக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் கலைவாணி நின்றாள். அவள்தான் அமுதவல்லியையே பார்த்தாள். அவளுக்குத் தெரியுமா? போட்டைக் கழுவிய அன்று காலை ஈர லுங்கியோடு வீட்டுக்குள் வந்தவனுக்கு மாற்று லுங்கி எடுத்துக் கொடுத்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். கலைவாணியின் கை முந்தானையை வாயருகே கொண்டுபோய் அங்கேயே நின்றிருந்தது.

"பச்ச இல்ல," என்றாள் அமுதவல்லி. "முனியன் போட்டு இல்ல. சாமி சத்தியம்."

வேப்பமரத்தடியில் முனியன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். ரங்கம்மாள் அவள் பாதத்தில் நெற்றியை வைத்து அழுதாள். யாரோ, விடுங்கடா அவனை என்றார்கள். ஒரு கணம் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் இருந்தது. தமிழ்வாணன் இரண்டடி முன்னால் வந்தான்.

"அப்ப நீ பாத்திருக்கக்கா," என்றான். கோபமே இல்லை. படத்திடம் கேட்ட அதே பணிவு. "பேரு வேணாம். இன்னா கலரு?"

அவள் 'ம்ச்' என்றாள். தன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்ததை அவளே கேட்டாள். பூவரசனின் விரல் மணலில் நின்றுவிட்டது.

"நீலம்," என்றாள்.

பொய்யில்லை. ஆனால் சொன்ன பிறகுதான், சொன்னது என்னவென்று எல்லாருக்கும் விளங்கியதுபோல, ஒவ்வொரு தலையாகக் கரைப்பக்கம் திரும்பியது. புயல் நிவாரணத்தில் வந்த போட்டுகள் அத்தனையும் நீலம். அதற்குப் பிறகு சொந்தக் காசில் வாங்கியவர்களும், முனியனைத் தவிர, பழக்கத்தில் அந்த நீலத்தையே அடித்திருந்தார்கள். வெயில் சாய்ந்த ஏரியோரத்தில் அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, கண்ணுக்கு எட்டிய வரை, நீலம் நீலமாக வரிசையில் நின்றன. ஆண்கள் அவரவர் போட்டைப் பார்த்தார்கள். பக்கத்து ஆளைப் பார்க்கவில்லை. கோதண்டமும் நாற்காலியில் திரும்பித் தன்னுடையதைப் பார்த்தார்.

தமிழ்வாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முதல் போட்டின் முன்முனையான அணியத்தில் உள்ளங்கையை வைத்தான். குனிந்து உள்ளே பார்த்தான். பலகை இடுக்கில் விரலை விட்டு மெதுவாகத் தடவி, விரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். பிறகு அடுத்த போட்டுக்குப் போனான். அவன் கையெடுத்த போட்டு அசைந்து பக்கத்துப் போட்டை இடிக்க, அது அதற்கடுத்ததை இடிக்க, வரிசை நெடுகிலும் போட்டுகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின.